நின்றுபோன படம்

ஜென்சி துவாக்குடி தொழிற்பேட்டையில் என்ன வேலை பார்க்கிறாள் என்பதைச் சொந்தக்காரர்களுக்கு விளங்கவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "கேபிள் கம்பெனியா? எங்க வீட்டுல ரெண்டு நாளா டிவி தெரியல, வந்து பாரேன்" என்பார்கள். விளக்கி அலுத்துப்போய் "ஆமா, கேபிள்தான்" என்று சொல்லப் பழகிவிட்டாள். உண்மையில் அங்கே தயாரானது ஹெலிகாப்டருக்குள் வைக்கும் ஒரு பெட்டி. ஹெலிகாப்டரின் அடியில் புழுதியை ஊடுருவிப் பார்க்கும் கேமரா ஒன்று இருக்கும். விமானியின் முன்னால் ஒரு திரை இருக்கும். கண்ணாடி இழை வழியாக, நொடிக்கு அறுபது படம் என்று, கேமரா பார்த்ததைத் திரைக்குக் கொண்டுபோவது சோப்பு டப்பா அளவே உள்ள அந்தப் பெட்டியின் வேலை. தரையிறங்கும்போது மண் கிளம்பி வெளியே ஒன்றும் தெரியாமல் போனால் விமானிக்கு அந்தத் திரைதான் கண்.

நாற்பது பேர் வேலை செய்யும் கம்பெனி. முக்கால்வாசி பெண்கள். ஜென்சி ஆறு வருடமாகக் கடைசிச் சோதனை மேசையில் இருந்தாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வாசலைத் தாண்டும்.

அந்தக் கடைசிச் சோதனை ஒரு தண்டனை. பெட்டியை அதிரும் மேசைமேல் முடுக்கி, நாற்பது நிமிடம் குலுக்க வேண்டும். குலுங்கும்போது ஒரு வெள்ளைக் கோடு திரையில் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். கோடு எங்கேயாவது நின்றாலோ தாவினாலோ பெட்டி தேறாது. செய்முறைத் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியவன் நாற்பது நிமிடம் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கமாட்டான். பத்தாவது நிமிடத்தில் கண் எரியும், இருபதாவது நிமிடத்தில் தலை சுற்றும். ஒரு நாளைக்கு ஆறு பெட்டி. ஜென்சிக்கு முன்னால் அந்த மேசையில் இருந்த பெண், இரண்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, ஒருநாள் வாந்தி எடுத்த கையோடு வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

ஜென்சி சோம்பேறி இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். கெட்டிக்காரி, அதுதான் வினை. காவிரிப் பாலத்தில் நின்று அவள் போனில் எடுத்த மலைக்கோட்டைப் படம் ஒன்று இருந்தது. காலை வெயிலில் பாறை ஒரு நிறம், உச்சிப் பிள்ளையார் கோயில் ஒரு நிறம், ஆற்றுத் தண்ணீர் ஒரு நிறம். அதைச் சோதனைக் கருவியில் ஏற்றி, ஓடும் கோட்டுக்குப் பதிலாக ஓடவிட்டாள். கண்ணுக்குக் குளிர்ச்சி. நிறம் மங்கினாலோ புள்ளி விழுந்தாலோ சட்டென்று தெரிந்துவிடும். திரையின் கீழே பிழைகளை எண்ணும் எண் ஒன்றும் இருந்ததால் வேறு கவலையும் இல்லை. தர மேலாளர் ஸ்டீபன்ராஜ் வந்து பார்த்தார். "அட, நல்லா இருக்கே! இதையே வச்சுக்க. பேப்பர அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. கம்பெனிக்கு வரும் விருந்தாளிகள் மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

இதில் கோளாறு இருக்கிறது என்று ஒருத்திக்குத்தான் தோன்றியது. அவள் பெயர் கலைமதி. ஸ்ரீரங்கத்துப் பெண், மருத்துவ ஹெலிகாப்டர் ஓட்டும் விமானி. தான் ஓட்டப்போகும் ஹெலிகாப்டரின் பெட்டி சொந்த ஊரிலேயே தயாராகிறது என்று கேள்விப்பட்டு, லீவில் வந்தபோது பார்க்க வந்தாள். ஜென்சியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

"இது அசையாத படமாச்சேங்க. ஓடிக்கிட்டிருக்கா, நின்னுபோச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கீழ நம்பர் இருக்கே மேடம், பிழை வந்தா அது ஏறிடும்" என்றாள் ஜென்சி. ஸ்டீபன்ராஜும் தலையாட்டினார். கலைமதி சரி என்று கேட்டுக்கொண்டாள். அவர்கள் தொழில், அவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பாள்.

எட்டு மாதம் கழித்து, மே மாதத்து வெயிலில், பச்சைமலை அடிவாரத்தில் பிரசவ வலியில் கிடந்த ஒரு பெண்ணை ஏற்றிவரக் கலைமதி போனாள். கூட டாக்டர் பிராங்க்ளின், நர்ஸ் ஆலியா. பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கும்போது செம்மண் புழுதி சுவராக எழுந்தது. ஹெலிகாப்டர் மெல்ல வலப்பக்கம் நகர்ந்து, தண்ணீர்த் தொட்டியில் சுழலும் இறக்கை மோதி, விழுந்து எரிந்தது. மூன்று பேரும் போனார்கள். வலியில் துடித்த பெண்ணை ஊர்க்காரர்கள் வேனில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார்கள், அவள் பிழைத்துக்கொண்டாள்.

நான்கு மாதத்தில் முதற்கட்ட அறிக்கை வந்தது. இரண்டு வாரம் கழித்து ஸ்டீபன்ராஜின் மேசையில் கிடந்த நகலை ஜென்சி படித்தாள். கலைமதியின் கடைசி வார்த்தைகள் குரல்பதிவில் இருந்தன. படம் தெளிவாக இருக்கிறது, நேர் கீழே இறங்குகிறேன் என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பதினொரு நொடிக்குப் பிறகு தொட்டி. படம் தெளிவாக இருந்தும் ஹெலிகாப்டர் நகர்வதைக் கவனிக்கவில்லை, ஆகவே விமானியின் தவறு என்று அறிக்கை முடித்திருந்தது. படம் கடத்தும் பெட்டி கரிக்கட்டையாகிவிட்டதால் அதைச் சோதிக்க வழியில்லை. ஆனால் தயாரிப்பு இடத்தில் முழுச் சோதனையில் தேறியதற்குக் கையெழுத்திட்ட தாள் இருக்கிறது, எனவே பெட்டியைச் சந்தேகிக்கக் காரணமில்லை. கையெழுத்து அவளுடையது. தாளின் கடைசிக் கட்டத்தில் "கோடு நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது" என்று அச்சிட்டிருந்தது. அதற்கு நேரே 'சரி'.

ஒருத்தியைக் குற்றவாளி ஆக்கியது தன் 'சரி' என்ற இரண்டெழுத்து என்று ஜென்சிக்குப் புரிந்தது.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் அலமாரியைத் திறந்தாள். விபத்தில் எரிந்த பெட்டியோடு ஒரே தொகுப்பில் செய்த உபரிப் பெட்டி ஒன்று அதில் இருந்தது. மேசைமேல் முடுக்கி மலைக்கோட்டையை ஓடவிட்டுக் குலுக்கினாள். நாற்பது நிமிடம். மலை கம்பீரமாக நின்றது, பிழை எண் பூஜ்யம். அதே பெட்டியில் வெள்ளைக் கோட்டை ஓடவிட்டாள், போனில் வீடியோவும் எடுத்தாள். பதினான்காவது நிமிடம் கோடு திரையின் நடுவில் நின்றது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். ஒன்பது வரை எண்ணியபின் தாவிக் குதித்து மறுபடி ஓடியது. எண் அப்போதும் பூஜ்யம்தான். வந்து சேர்ந்த படத்தில் பிழை இருந்தால் அது எண்ணும். வராத படத்தை அது எப்படி எண்ணும்? படம் அறுந்தால் திரை கறுத்துவிட வேண்டும், அதற்கு உள்ளே ஏற்பாடு உண்டு. இந்தப் பெட்டியில் அது வேலை செய்யவில்லை. கடைசியாக வந்த படத்தையே கையில் பிடித்துக்கொண்டு, எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. கலைமதி பார்த்ததும் அதைத்தான். பதினொரு நொடிக்கு முந்தைய தரையை.

ஸ்டீபன்ராஜ் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. மாதா கோயில் திருவிழா என்றால் முன்னால் நிற்கிற மனுஷன். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இத யாருக்காவது காட்டினியா?"

"இல்ல சார்."

"இன்னிக்கிலேர்ந்து கோடுதான். அந்தப் படத்த அழிச்சுடு. எப்பவும் கோடுதான் ஓடுச்சு, புரியுதா?"

"சார், அந்தப் பொண்ணு மேல பழி விழுந்திருக்கு."

"செத்தவங்களுக்கு வலிக்காது ஜென்சி. இங்க நாப்பது பேரு உயிரோட இருக்கோம். நாளைக்கு ஷட்டர இழுத்துட்டா இந்தப் பொம்பளைங்க எங்க போவாங்க? முதல்ல உள்ள போறது நீ. கையெழுத்து உன்னுது, என்னுது இல்ல."

"அதே தொகுப்புல இன்னும் பதினோரு பெட்டி பறந்துக்கிட்டு இருக்கே சார்?"

"சர்வீஸுன்னு சொல்லி ஒவ்வொண்ணா மெதுவா வரவழைச்சுடலாம்."

"மெதுவாவா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பவர்களுக்கு அவசரம் என்பதே இருக்காது.

அன்று இரவு அவள் தூங்கினாளா என்று கேட்காதீர்கள். கணவன் குவைத்தில் இருந்தான். போனில் அழைத்தபோது "வேலைக்குப் போனியா, சாப்பிட்டியா" என்று கேட்டான். போனேன், சாப்பிட்டேன் என்றாள். மறுநாள் காலை மேலப்புதூர் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். எந்தத் தேதியில் படத்தை மாற்றினாள், எத்தனை பெட்டிக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டாள், பதினொரு பெட்டியின் எண்கள் என்னென்ன, எல்லாம். ஸ்டீபன்ராஜ் வாயால் கொடுத்த அனுமதியையும் எழுதினாள். அதை எழுதும்போது கை தயங்கியது, ஆனாலும் எழுதினாள். வீடியோவைச் சேர்த்து, விசாரணைக் குழுவின் முகவரிக்கு அனுப்பினாள். கீழே முழுப் பெயர், தகப்பன் பெயர், வீட்டு முகவரி.

அனுப்பியதும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. குழு படித்து, கூடி, பேசி, அறிக்கையைத் திருத்த மாதக்கணக்காகும். அதுவரை ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு அந்தப் பழியோடு சோறு தின்ன வேண்டும். புடவையை மாற்றிக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையம் போய், ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள்.

அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய சந்தில் வீடு. கலைமதியின் அப்பா ரங்கசாமி வாழை இலை வியாபாரி. முசிறிப் பக்கத்துத் தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மகள் படிப்புக்காக இங்கே குடிவந்தவர். வாசலில் நாலைந்து இலைக்கட்டு அவிழ்க்காமல் காய்ந்து கிடந்தது. சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது.

"யாரும்மா நீங்க? பேப்பர்காரங்களா?" என்றார்.

"இல்லீங்கய்யா. அந்த ஹெலிகாப்டர் பெட்டிய டெஸ்ட் பண்ணவ நான். பேரு ஜென்சி."

உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். தொழில் வார்த்தை ஒன்றும் இல்லாமல், கோட்டையும் மலையையும் மட்டும் வைத்துச் சொன்னாள். ரங்கசாமி பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, உள்ளே பார்த்து, "பொன்னுத்தாயி, இங்க வா. இந்தப் பொண்ணு சொல்றத நீயும் கேளு" என்று கூப்பிட்டார்.

பொன்னுத்தாய் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறிக்கை வந்த நாளிலிருந்து தெருவில் இறங்காதவள். பொட்டைப் பிள்ளையை ஆகாசத்தில் விட்டால் இப்படித்தான் என்று குழாயடியிலேயே பேசியிருக்கிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஜென்சி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்பது பொய்.

"அப்போ அது கடைசி வரைக்கும் திரையப் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சா?" என்றார் ரங்கசாமி.

"ஆமாங்கய்யா. அவங்க பாத்ததுல தப்பே இல்ல. காட்டினதுதான் தப்பு."

"நீ அவளப் பாத்திருக்கியா?"

இதைக் கேட்காமல் இருந்தால் நல்லது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். "பாத்திருக்கேன். எங்க கம்பெனிக்கு வந்தாங்க. இது அசையாத படமாச்சே, நின்னுபோனா எப்படித் தெரியும்னு கேட்டாங்க. நான்தான் நம்பர் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பொன்னுத்தாய் முன்னால் வந்து ஜென்சியின் கன்னத்தில் அறைந்தாள். பலமில்லாத கை. அறைந்த வேகத்தில் அவளே தடுமாறி, ஜென்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கேட்டுச்சா எம் பொண்ணு? கேட்டுச்சா? கேக்காம விடமாட்டா, சின்னதுலேர்ந்தே அப்படித்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்த மகள் படத்தை எடுத்துவந்து சுவரில் மாட்டினாள்.

ரங்கசாமி சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"கிளம்பு, போலாம்" என்றார்.

போலீசுக்குத்தான் என்று ஜென்சி நினைத்தாள். "வரேன்" என்றாள்.

"அறிக்கை வந்த மூணாம் நாளு ரெண்டு வீட்டுக்கும் போனேன். எம் பொண்ணால செத்த ரெண்டு பேரு வீட்டுக்கு. ஆலியா வீட்டுல கதவத் திறக்கல. டாக்டர் வீட்டுல திறந்தாங்க. அவரோட அம்மா காலுல விழுந்தேன். எம் பொண்ணு பண்ணுன தப்ப மன்னிச்சுடுங்கன்னு கேட்டேன். மன்னிச்சேன்னு சொன்னாங்க." சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். "அது பண்ணாத தப்புக்கு, அத ஒரு வார்த்தை கேக்காம, பெத்த அப்பன் நான் போயி மன்னிப்பு வாங்கிட்டு வந்திருக்கேன். அதத் திருப்பிக் கொடுத்தாகணும். நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீ வந்து சொல்லு."

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம், சத்திரத்திலிருந்து கே.கே. நகர். இரண்டு பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். டிக்கெட்டை அவரே எடுத்தார், அவளை எடுக்கவிடவில்லை. வழியில் ஒரே ஒரு தடவை, "உனக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டார். ஒரு பெண், மூன்றாவது படிக்கிறாள் என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் பிராங்க்ளினின் அம்மா லூர்துராணி, ஓய்வுபெற்ற டீச்சர். கதவைத் திறந்து ரங்கசாமியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"மறுபடி எதுக்குங்க வந்தீங்க? அன்னிக்கே சொல்லிட்டேனே."

"அன்னிக்கு உங்ககிட்ட வாங்கிட்டுப் போனதத் திருப்பிக் கொடுக்க வந்தேன் டீச்சர். இந்தப் பொண்ணு சொல்றத மட்டும் கேட்டுடுங்க."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, வகுப்பில் பதில் கேட்பதுபோலக் கேட்டார். அன்று மூன்றாவது தடவையாக ஜென்சி அதைச் சொன்னாள். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை, அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. முடித்ததும் டீச்சர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் கோடு ஓடுற படத்தையே போட்டுப் பாத்திருந்தா?"

"அந்தப் பெட்டி எங்க கம்பெனிய விட்டு வெளிய வந்திருக்காது டீச்சர்."

"எம் புள்ள இருந்திருப்பான்."

"இருந்திருப்பாரு. மூணு பேருமே இருந்திருப்பாங்க."

லூர்துராணி டீச்சர் அவளைத் திட்டவில்லை. அவள் பக்கம் பார்க்கவே இல்லை. எழுந்து ரங்கசாமியின் முன்னால் போய் நின்றார்.

"அன்னிக்கு மன்னிச்சேன்னு சொன்னது வெறும் வாய்ச்சொல்லுங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் கதவச் சாத்திட்டு உங்க பொண்ணச் சபிச்சேன். தினம் சபிச்சேன். ஜெபமாலையக் கையில வச்சுக்கிட்டு, பேரச் சொல்லி, அவ ஆத்துமாவுக்கு இளைப்பாற்றியே கிடைக்கக் கூடாதுன்னு கேட்டேன்." கையைக் கூப்பினார். "என்னை மன்னிச்சுடுங்க."

ரங்கசாமி அந்தக் கூப்பிய கைகளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

"பரவாயில்லைன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லீங்க டீச்சர். ஏற்கெனவே ஒரு தடவ எம் பொண்ணுக்குப் பதிலா பேசிட்டேன். சொல்ல வேண்டியது கலைமதி. அதுதான் இப்ப இல்லியே."

ஜென்சியும் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். காலையிலிருந்து இரண்டு வீட்டிலும் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு அலைந்தாள். இப்போது அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள், கேட்கவில்லை.